சின்ன கேஸ் டாக்டர்

வயிற்று ஆபரேஷனில் அவளோடு படித்தவர்கள் யாரும் அவள் கைக்கு உறைபோடக் காணமாட்டார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'சின்ன கேஸ் டாக்டர்'.

பெயர் வரக் காரணம் துறைத் தலைவர். பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எந்த டாக்டருக்கு எந்த ஆபரேஷன் என்று தியேட்டர் வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதுகிறவர் அவர். அவள் பெயருக்கு நேரே எப்போதும் குடலிறக்கமும் குடல்வாலும்தான். "உங்களுக்கு வீடு, குழந்தைன்னு இருக்கேம்மா, சீக்கிரம் போக வேண்டாமா?" என்று தேன் தடவிச் சொல்வார். பெரிய கேஸ் பார்க்கிற ஆண்களுக்கும்தான் பிள்ளைகள் இருந்தன. பதவி உயர்வு என்று வந்தால் மட்டும், "பெரிய கேஸ் அனுபவம் போதாதே" என்று உதட்டைப் பிதுக்குவார். கொடுத்தால்தானே ஐயா வரும் அனுபவம்!

கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் ஒரு கல்லீரல் கட்டி கிடைத்தது. இதை ஒழுங்காக முடித்தால் இனிப் பெரிய கேஸ்கள் வரும் என்றார் பெரியவர்.

கட்டியைப் பாதி பிரித்திருந்தபோது நர்ஸ் அவள் செல்லைக் காதருகே பிடித்தாள். மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வரவேண்டுமாம்.

"அவ அப்பாவுக்குப் பண்ணுங்க. இதே ஆஸ்பத்திரியில கண் டாக்டர்."

"அவரு டாக்டராச்சே மேடம், தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

"அப்ப நான் இங்க என்ன பல்லாங்குழியா ஆடறேன்? வயித்தத் திறந்து வச்சிருக்கேன். அவருக்குப் பண்ணுங்க!"

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த கண் டாக்டர் போனார். வீட்டுக்குப் போனதும் தியேட்டருக்கே போன் போட்டார். காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில்? பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? இவரும் டாக்டர்தான்! அவள் கட்டியைச் சுத்தமாக எடுத்து, தையல் போட்டுவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முழுக்க கண் டாக்டர் புராணம்தான். "தங்கமான மனுஷன், பிள்ளைக்காகப் போட்டது போட்டபடி ஓடினாரே!" அத்தி பூத்தாற்போல் ஒரு நாள் ஓடியதற்கு இந்தப் பாராட்டு. வருஷம் முழுக்க அவள் ஓடியபோது 'வேலையில் மனசில்லை' என்றவர்கள், ஓடாத ஒரு நாளுக்குக் 'கல்நெஞ்சக்காரி' என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அவள் தியேட்டர் வாசலுக்கு வந்தாள். பலகையில் அவள் பெயருக்கு நேரே குடலிறக்கம். பேனாவோடு நின்றிருந்த பெரியவர் கனிவாகச் சிரித்தார்.

"கேஸ் பிரமாதம்மா. ஆனா பாவம், குழந்தை தவிச்சுப் போச்சே. கொஞ்ச நாளைக்கு உங்களுக்குச் சின்னதே இருக்கட்டும்."

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?"

"மூணு."

"கடைசிப் பொண்ணு எந்த கிளாஸ்?"

பெரியவர் யோசித்தார். மேலே பார்த்தார். "ஏழா... எட்டா... வீட்ல கேட்டாத்தான் தெரியும்."

"உங்களுக்கே பெரிய கேஸ் குடுத்தாங்களே சார்!"

கூட நின்ற நர்ஸ் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன கேஸ் டாக்டர் பெரியவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். குடலிறக்கத்தை உள்ளங்கையால் அழித்தாள். அன்றைய பெரிய கேஸான கணையக் கட்டிக்கு நேரே தன் பெயரை எழுதிவிட்டு, கை கழுவப் போனாள்.