வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட்

முனம்பம் துறைமுகத்துப் படகுப் பட்டறைகளில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் சண்டித்தனம் செய்தால், ஆட்கள் முதலில் அதைத் திட்டுவார்கள். பிறகு உதைப்பார்கள். இரண்டுக்கும் மசியாவிட்டால்தான் கெர்வாசிஸுக்குப் போன் போகும்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. படகு இன்ஜின்களோடு வளர்ந்தவர். இந்த இயந்திரம் பட்டறைகளுக்கு வந்த புதிதில், கெட்டுப்போன ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் போர்வையை விரித்துப் பிரித்துப் போட்டார். ஒன்பது நாள் அவர் மனைவி பிலோமினா பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். பத்தாம் நாள் இயந்திரம் ஓடியது. அதற்குள் ஒவ்வொரு பாகத்தையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் படித்த படிப்பு.

எந்த இயந்திரத்திடம் போனாலும் முதல் பத்து நிமிடம் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஓடவிட்டு ஹோஸைக் கையில் பிடித்துப் பார்ப்பார். நாடி மாதிரி துடித்தால், பம்பின் பித்தளை மூடிகளுக்குக் கீழே இருக்கும் ஆறு வால்வுகளில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. துடிக்காமல் தண்ணீர் வெறுமனே சோர்ந்து வந்தால், பீய்ச்சும் முனையான நாசிலின் துளை தேய்ந்திருக்கும். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் பிடியை அழுத்திப் பிடித்திருக்கும்போதே திரும்பும் குழாயிலும் தண்ணீர் ஓடினால், பிடியை விட்டால் மட்டும் திறந்து தண்ணீரைத் திருப்பிவிட வேண்டிய பெரிய வால்வு கசிகிறது. இத்தனையும் பார்த்த பிறகுதான் பிரிப்பார். "ஒழுகற வால்வுக்குத்தான் நோய்னு நெனக்காதீங்க. பல சமயம் அது இன்னொருத்தன் நோயைச் சொல்லிட்டிருக்கும்" என்பார்.

முனம்பத்துக்கென்று ஒரு பிழை உண்டு. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் உறிஞ்சும் குழாயைக் காயலில் போட்டுவிடுவார்கள். கேட்டால், ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, "கர்க்கடக மாச மழைக்குக் காயல் இளநீர் மாதிரி இருக்கு சேட்டா, நீங்களே பாருங்க" என்பார்கள். மேல்தண்ணீர் இனிப்புதான். ஆனால் கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் அடிவழியாக உள்ளே வரும். குழாயின் வாய் கிடப்பதும் அடியில்தான். உப்பும் மணலும் ஏறி வால்வுகளின் இருக்கைகளை அரித்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லிக் கெர்வாசிஸுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள ஐம்பத்திரண்டு நாளும் படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் பீய்ச்சிக் கழுவி, காயவைத்து, சாயம் அடிக்க வேண்டும். தடை முடிவதற்கு முந்தைய ஞாயிறு பங்குச் சாமியார் வந்து ஆசீர்வதிப்பார். அன்று தண்ணீரில் நிற்காத படகுக்கு அந்த வருஷம் வலை நிறையாது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் கடைசிப் பத்து நாள் யாருக்கும் தலைகால் புரியாது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை டெரன்ஸ் முதலாளியின் பட்டறைக்குக் கெர்வாசிஸ் போனார். இயந்திரத்தின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் திறந்து தண்ணீரை வெளியே விடும் காவல்காரன் அது. விடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நாள் முழுக்க என் காலை நனைக்குது சேட்டா. சேத்துப்புண்ணே வந்துடுச்சு" என்றான் லவன். அந்தப் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாகப் படகு கழுவுகிறவன் அவன்.

"இது சும்மா ஒழுகாது. பெரிய வால்வு உள்ளே உப்புப் பூத்து சிக்கிக்குது போல. பிரிச்சுப் பாக்கணும். அரைநாள் ஆகும்."

டெரன்ஸ் முதலாளி குடையை மடக்கி இயந்திரத்தைக் காட்டினார். "எடோ கெர்வாசிஸ், மழைக்காலத்துல உன் மூக்கும்தான் ஒழுகுது. அதுக்காகத் தலையைப் பிரிச்சா பாக்கறே? நாலு படகு நிக்குது. ஒழுகக் கூடாது, அவ்வளவுதான்."

லவன் சிரித்தான். கெர்வாசிஸும் சிரித்தார். அவருக்காக அன்று இன்னும் மூன்று பட்டறைகள் காத்திருந்தன. புது வால்வு கொச்சியிலிருந்து வர வேண்டும். முதலாளி சாயக்காரனைத் திட்டவும் லவன் டீ குடிக்கவும் போன நேரத்தில் அந்தச் சின்ன வால்வைக் கழற்றிக் கருவிப்பையில் போட்டுக்கொண்டு, அதே மரையில் ஒரு போல்ட்டை நூல் சுற்றி இறுக்கினார். ஒழுகல் நின்றது. ஆசீர்வாதம் முடிந்ததும் வந்து சரியாகச் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைத்தார்.

வியாழக்கிழமை, ஏணியை நகர்த்துவதற்காக லவன் துப்பாக்கியின் பிடியை விட்டான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வால்வு திறக்கவில்லை. போக வழியில்லாத தண்ணீர் ஹோஸை அதன் கழுத்தில் பிய்த்தெறிந்தது. பித்தளை முனையோடு சாட்டை மாதிரிச் சுழன்ற ஹோஸ் லவனின் வலது மணிக்கட்டை முறித்து, கன்னத்தைக் கிழித்துப் போட்டது.

மறுநாள் காலை ஹோஸ் மாற்றுவதற்காகக் கெர்வாசிஸைக் கூப்பிட்டார்கள். லவனும் அங்கே இருந்தான். கை மாவுக்கட்டில் தொங்கியது. கன்னத்தில் ஏழு தையல்.

"வீட்ல இருக்க வேண்டியதுதானே?" என்றார் கெர்வாசிஸ். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"வீட்ல என் பொண்டாட்டி வாயைத் தாங்க முடியல சேட்டா. இதுக்கு ஹோஸே தேவலை." சிரிக்கப் போனவன் தையல் இழுக்கவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

டெரன்ஸ் முதலாளி சாயடப்பாமேல் உட்கார்ந்திருந்தார். "எடோ, நீயே சொல்லு. துப்பாக்கியை மூடிட்டு மெஷினை ஓடவிடாதேன்னு நீ எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டே? இவன் கேட்டானா? இனிமே இவன் கையில மெஷின் கிடையாது. கை சரியானா உளி எடுத்துச் சிப்பி சுரண்டட்டும்."

"முதலாளி சொல்றது சரிதான்" என்றான் லவன். "சேட்டன் பேச்சைக் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா? தப்பு என்னோடதுதான்."

கெர்வாசிஸ் இயந்திரத்தின் பக்கம் குந்தினார். போல்ட் அவர் இறுக்கிய இடத்தில் அப்படியே இருந்தது. யார் கண்ணுக்கும் அது தப்பாகத் தெரியாது. இயந்திரத்தில் எத்தனையோ போல்ட்டுகள். அதில் இதுவும் ஒன்று. கருவிப்பையில் பழைய வால்வு இருந்தது. ஹோஸை மாற்றுகிற சாக்கில் இதைக் கழற்றி அதைப் போட்டுவிட இரண்டு நிமிடம் போதும். அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது. முதலாளி இப்போது சொன்ன விதியும் கெர்வாசிஸ் சொல்லிக்கொடுத்ததுதான். பொய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும்.

ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினார். ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. வாழ்நாளில் அவர் கையில் ஸ்பேனர் வழுக்கி யாரும் பார்த்ததில்லை.

"என்ன சேட்டா, துருவா?" என்று லவன் குனிந்தான்.

போல்ட் வெளியே வந்தது. அதை லவனின் இடது உள்ளங்கையில் வைத்தார். பையிலிருந்து வால்வை எடுத்துப் பக்கத்திலேயே வைத்தார்.

"இதுதான் இங்க இருக்க வேண்டியது. செவ்வாய்க்கிழமை நான் இதைக் கழட்டிட்டு அதை மாட்டினேன். இது இருந்திருந்தா அதிகமான தண்ணியை வெளியே விட்டிருக்கும். ஹோஸ் வெடிச்சிருக்காது. உன் மேல தப்பில்லை. நீங்க எல்லாரும் மூடிட்டு ரெண்டு நிமிஷம் ஓடவிடுவீங்கன்னு தெரிஞ்சுதான் மெஷின் செஞ்சவனே இதை வெச்சிருக்கான்."

முதலாளி எழுந்துவிட்டார். "நீயா? துறைமுகம் முழுக்க உன்னை வேதபாடம் மாதிரி நம்புது. நீயா செஞ்சே?"

"ஒழுகக் கூடாதுன்னு சொன்னீங்க. ஒழுகாம செஞ்சேன். உங்களைக் குத்தம் சொல்லல முதலாளி. நீங்க போல்ட் போடச் சொல்லல."

"கிளம்பு. இந்தப் பக்கம் இனி உன் தலை தெரியக் கூடாது."

லவன் வால்வை இயந்திரத்தின்மேல் உருட்டிவிட்டான். பிறகு போல்ட்டை விரல்களுக்குள் மூடினான். கெர்வாசிஸ் ஒரு வசவை எதிர்பார்த்தார். வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நேத்து ராத்திரி பூரா என் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்" என்றான் லவன். "கவனமில்லாத மனுசன்னு என் பொண்ணு முன்னாடியே என்னைச் சொன்னா. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வாங்க, இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

வீடு பக்கத்துத் தெருவில்தான். அவன் மனைவி அம்பிலி வாசலில் நெத்திலி கழுவிக்கொண்டிருந்தாள். கெர்வாசிஸ் நின்றபடியே சொல்லி முடித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

"இதே மாதிரி வேற மெஷின்லயும் போட்டிருக்கீங்களா சேட்டா?"

சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதாகத்தான் அதுவரை கெர்வாசிஸ் எண்ணியிருந்தார்.

"ஒண்ணுல. அக்கரையில, அழீக்கோட்டுப் பட்டறையில. போன வாரம்."

"அங்க துப்பாக்கி பிடிக்கறவனுக்கும் பொண்டாட்டி இருப்பா. இங்க நின்னு என் மூஞ்சியை என்ன பாக்கறீங்க? போங்க."

அவர் நடந்தார், பிறகு ஓடினார். ஓடிக்கொண்டே அந்தப் பட்டறைக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இயந்திரம் ஓடும் இடத்தில் போன் மணி யார் காதில் விழும்? படகுத்துறைக்கு வந்தபோது பெரியாறு மழைவெள்ளத்தில் கலங்கிப் புரண்டுகொண்டிருந்தது. வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு அப்போதுதான் அக்கரையிலிருந்து கிளம்பியிருந்தது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டார்.

"வர்றதுக்குப் பத்து, போறதுக்குப் பத்து. என்ன சேட்டா, பொண்டாட்டிக்குப் பிரசவமா?"

கெர்வாசிஸ் துறையின் விளிம்புக்குப் போனார். தண்ணீருக்கு மேலே, அக்கரையிலிருந்து அந்த இயந்திரத்தின் சத்தம் தெளிவாகக் கேட்டது. சீராக ஓடிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு கணம் இன்ஜின் திணறிக் கனத்தது. அங்கே யாரோ துப்பாக்கியின் பிடியை விட்டிருக்கிறார்கள். சத்தம் மீண்டும் பழையபடி ஆகும்வரை அவர் மூச்சு விடவில்லை. ஆனதும், மறுபடி போன் போட்டார்.