பரமேஸ் அக்காவின் ஃபேன் சுவிட்ச்

ஏடிவி என்கிற நாலு சக்கர மோட்டார் பைக்கைப் பழுது பார்க்கிற தொழிலில் இஞ்சினை எப்படியாவது சமாதானப்படுத்திவிடலாம், அதன் மேல் உட்காருகிறவரைத்தான் முடியாது; இதே தொழிலில் கிடந்து வேகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடங்காத ஃபேன்

என் பட்டறை லாயாங் லாயாங் என்கிற ஊரில். பரமேஸ் அக்கா பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற காண்ட்ராக்ட் எடுத்தவர். ஏடிவியின் பின்னால் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஆமை வேகத்தில் போவார். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று எங்கே கிடைக்கும்? தானாகச் சுற்ற வேண்டிய ஃபேனோ, தண்ணீர் கொதிக்கப்போகும் நேரத்தில்தான் சோம்பல் முறிக்கும். அந்த மாதம் மூன்று தடவை வண்டி வழியில் நின்றது. இன்னும் ஒரு தடவை தோட்டத்துக்குள் நின்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

நாம் நினைத்தபோது ஃபேனைப் போட்டுக்கொள்ள ஹேண்டிலில் ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்றேன். அக்கா வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப இத்தன நாளா அது இஷ்டத்துக்குத்தான் சுத்துச்சா தம்பி? எங்க வீட்டு ஆளு மாதிரியே.”

பாவம் பார்த்தது

சுவிட்சை நேராகப் பேட்டரியில் இணைத்தேன். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றி இஞ்சினை ஆற்றட்டும் என்கிற நல்லெண்ணம்தான். மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது, பேட்டரியில் உயிரே இல்லை. ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன்.

“நாள் பூரா ஒழச்சிருக்கு லா. வீட்டுக்கு வந்தாவது காத்து வாங்கட்டுமேனு விட்டேன்.”

சிவப்பு விளக்கு

அடுத்து ரிலே வைத்து, சாவி போட்டிருந்தால் மட்டும் ஃபேன் ஓடும்படி மாற்றினேன். ஓடுவது தெரிய ஒரு குட்டிச் சிவப்பு விளக்கும் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டே நாளில் வண்டி கொதித்துவிட்டது, நல்லவேளையாகத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே. விளக்கு எரியும்போதெல்லாம் அக்கா பதறிப்போய் சுவிட்சை அணைத்திருக்கிறார். பச்சை விளக்கை மாட்டிக்கொண்டே காரணம் கேட்டேன்.

“செவப்பு எரிஞ்சா நிறுத்தணும்னுதான் ஊரே சொல்லுது. நீ மட்டும் தனிச் சட்டம் போட்டா நான் என்ன பண்றது?”

பரீட்சை

கடைசியில் மேனேஜரே நேரில் வந்தார். முழுத் தொட்டியோடு மூன்று மர வரிசை போய் வர வேண்டும், அப்புறம்தான் முடிவு. தன்னை நம்பி நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று அக்கா முந்தின நாளே கண்கலங்கியிருந்தார். அன்று அவர் வண்டியில் ஏறத் தயங்குவதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டாவது வரிசையில் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. அக்கா ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. ஆமாம், நான் அதைப் போடவே இல்லை. அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அக்கா வண்டியைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, என்னை இறக்கிவிட்டு, தானே ஏறி மூன்று வரிசையையும் முதலிலிருந்து முடித்துவிட்டு வந்தார். துளி ஆவி இல்லை. மேனேஜர் சிரிக்காமல் சொன்னார்.

“வண்டி ஓகே. வேலைய நீங்களே பாருங்கக்கா. மெக்கானிக்கத்தான் மாத்தணும்.”

அக்கா இன்னும் என்னை மாற்றவில்லை. ஆனால் பட்டறைக்குள் வரும்போதெல்லாம் சுவரில் இருக்கிற ஃபேனைத் தானே போட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசவே ஆரம்பிக்கிறார்.