எட்டுத் தொன் எடையை மூன்று என்று வாசித்த கண்

திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்குப் பட்டியலைக் கணினியில் வாசித்து, எடையைக் கிரேன்காரருக்கு ரேடியோவில் சொல்வது என் வேலை. முன்பெல்லாம் கண் எரிந்தாலும் எழும்ப மாட்டேன். சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. போன மாதம் எட்டுத் தொன் இயந்திரப் பெட்டியை மூன்று தொன் என்று சொல்லிவிட்டேன். தூக்கியதுமே கிரேன் சாய்ந்தது. பக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள்.

"தங்கச்சி, கண்ணை எங்க வச்சிருக்கிறீங்கள்? இது மூண்டு இல்ல!" என்று ரேடியோவில் கத்திய கிரேன்காரர் நஸீர் நானா, பெட்டியை உடனே இறக்கிவிட்டார்.

மறுநாளே ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மேசையைத் திருப்பினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பித் தூரத்துக் கடலைப் பார்க்கிறேன்.

"வேலை நேரத்தில கப்பல் பாக்கிறீங்களோ?" என்றார் மேலாளர்.

"ஓம். வேண்டாமெண்டா நீங்கள் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில நில்லுங்கோ, நான் எழும்பாமலே வாசிக்கிறன்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் கடலைப் பார்த்தேன். திரை பார்த்து வேலை செய்பவரென்றால் நீங்களும் எழும்புங்கள்.