டேங்க்மேல் உட்கார்ந்தவள்

எங்கள் வீட்டில் இப்போது கார் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டால் வெளியே வெயிலா மழையா என்பதுகூடத் தெரியாது. ஆளுக்கொரு சீட், ஆளுக்கொரு செல்போன். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் ரோட்டில் நாலு பேரும் வாய் திறக்காமல் போய், வாய் திறக்காமல் திரும்பி வந்துவிடலாம். வசதிதான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் எனக்கு அந்தப் பழைய பைக்கை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நாலு பேர் ஒரே பைக்கில் போவது தப்பு. இப்போது மட்டுமல்ல, அப்போதும் அது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் போலீஸ்காரர் நிற்பது தெரிந்தால் என் வீட்டுக்காரர் சந்து சந்தாகப் புகுந்து, யார் யார் வீட்டுக் கோலத்தையெல்லாமோ அழித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே வந்து சேர்வார். அதற்குள் நான் எல்லா சாமியையும் கும்பிட்டு முடித்திருப்பேன். கார் வாங்க வக்கில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

உட்காருகிற இடம் எல்லாம் முடிவானது. ஏழு வயது மகள் முன்னால், பெட்ரோல் டேங்க்மேல். டேங்க் சுடும் என்று ஒரு துண்டை நாலாக மடித்து அதில் போட்டிருப்போம். அவளுக்குப் பின்னால் அவர். அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு மூன்று வயது மகன். கடைசியில், பாதி சீட்டிலும் பாதி கேரியரிலுமாக ஒருச்சாய்ந்து நான். ஹாரன் மகளின் பொறுப்பு. ஆடு மாட்டுக்கு அடிப்பாள், தெரிந்தவர்களுக்கு அடிப்பாள், தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்தால் அதற்கும் ஒருமுறை அடிப்பாள்.

அந்த டேங்க்மேல் இருந்த இடத்துக்கு இன்னொரு மதிப்பு உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. உள்ளே ஓயாத இரைச்சல், கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். பேச்சையெல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டு வருவாரோ என்னவோ, வீட்டுக்குள் நுழைந்தால் ‘ம்’, ‘சரி’, ‘சோறு வை’ என்பதற்கு மேல் வாய் போகாது. ஒரு கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் எனக்கு ஒரு தோசை கருகிவிடும்.

பைக்கில் ஏறினால் அவர் வேறு ஆள். மகளின் காது அவர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவார்கள். காற்றில் எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. வீட்டுக்கு வந்து, “என்னட்டி பேசுனீக அவ்வளவு?” என்று கேட்டால் “சும்மாம்மா” என்று ஓடிவிடுவாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கட்டின பெண்டாட்டிக்கு ‘ம்’, மகளுக்கு மட்டும் ஊர்ப்பட்ட பேச்சா என்று. அதனால்தான் அவளும் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் பிள்ளை வளராமல் இருக்குமா? அந்த வருஷம் மளமளவென்று வளர்ந்தாள். தலை அவருடைய தாடை வரை வந்தது, பிறகு மூக்கு வரை வந்தது. ஒருநாள் ரயில்வே கேட் பக்கம் திரும்பும்போது அவர் வண்டியை நிறுத்தி, “தலைய லேசாச் சாய்ச்சுக்கோ தாயி, எனக்கு ரோடு மறைக்குது” என்றார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நான், “இனிமே இவ பின்னால உக்காரட்டும், தம்பிய முன்னால வைங்க” என்று சொன்னேன். மகள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள்.

“நான் மறைக்க மாட்டேன்” என்றாள்.

“தலைய எங்க கொண்டு வைப்ப?”

“மறைக்க மாட்டேன்னா மாட்டேன்.”

அதற்குப் பிறகு உண்மையிலேயே அவரிடமிருந்து புகார் வரவில்லை. நானும் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன். இடையில் அவளுக்கு அடிக்கடி கழுத்து வலி வந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். எல்லாம் பள்ளிக்கூடப் பையால் வந்த வினை என்று முடிவு கட்டி, பள்ளிக்கூடத்துக்கே போய் அவளுடைய டீச்சரிடம் சண்டை போட்டேன். அந்த டீச்சர் பாவம், நல்ல மாதிரி. புத்தகங்களைப் பாதியாகக் குறைத்தார்கள். பை குறைந்தது, வலி குறையவில்லை.

இனி தண்ணீர் பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் தண்ணீரில் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், படித்துறையில் நின்று சண்டையும் போடுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்று யாரும் தலைவாரிப் பூ வைத்துக் கிளம்பிப் போனதில்லை. கல்யாணமாகி இங்கே வந்த முதல் ஐப்பசியில் இவர், “கெளம்பு, தண்ணி பாத்துட்டு வருவோம்” என்றபோது, புதுப்பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு எந்தக் கடைக்குக் கிளம்புகிறார் இந்த மனிதர் என்று பயந்தே போனேன். கடைசியில் அவருடைய ஊர்க் கண்மாயில் கொண்டுபோய் நிறுத்தினார். நடுவில் முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. “இதுக்கா?” என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. வீடு வரும்வரை ‘ம்’ கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கண்மாயில் அவ்வளவு தண்ணீரும் சேரவில்லை. என் பிள்ளைகளுக்கு அது சீமைக்கருவை அடர்ந்த ஒரு பெரிய மைதானம். அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மேயும். “இதுல மறுகா பாயும்” என்று அவர் சொன்னால், அப்பா கதை விடுகிறார் என்று சிரிப்பார்கள். கண்மாய் நிறைந்து கரையில் கட்டிவைத்த கல் தடுப்பின் மேலாக வழிந்து ஓடுவதைத்தான் இங்கே மறுகால் பாய்வது என்பார்கள். கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்கு அது திருவிழா மாதிரி. தேதி மட்டும் யாரும் குறிக்க முடியாது.

அந்த வருஷம் விட்டுவிட்டு மழை பெய்தது. ஒரு சனிக்கிழமை அவருடைய ஊரிலிருந்து போன் வந்தது. மறுகால் பாயுதாம். மில்லிலிருந்து வந்த மனிதர் கைகால்கூடக் கழுவாமல் பைக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் மத்தியானச் சோறு முடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் எனக்கே மூச்சு நின்றுவிட்டது, ஆற்றங்கரைக்காரியாகிய எனக்கு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். உடைமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கரண்டுக் கம்பங்கள் வரிசையாக உள்ளே நடந்து போவது போல இருந்தது. தூரத்துக் காற்றாலையின் இறக்கை தண்ணீருக்குள்ளும் சுற்றியது. எருமைகளுக்குத் தலை மட்டும்தான் வெளியே. பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, எனக்கும் கேட்கிற மாதிரி அவர் சத்தமாகச் சொன்னார். “தாயி, எடப்பக்கம் பாரு. கொக்கு எத்தன நிக்குது. பாத்தியா?”

“பாத்தேம்ப்பா.”

மறுகால் பக்கம் ஒரே கூட்டம். காஞ்ச மாடு கம்பில் விழுந்த மாதிரி அக்கம்பக்கத்து ஊரெல்லாம் அங்கே வந்து விழுந்திருந்தது. தண்ணீர் கல்லின் மேல் ஏறி, செம்பழுப்பாக நுரைத்துக்கொண்டு கீழே விழுந்தது. யாரோ ஒருவர் சைக்கிளில் அவித்த கடலை கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு பொட்டலம் வாங்கி, கரையில் உட்கார்ந்தோம். மகன் வாய் ஓயவில்லை. எருமைக்கு உடம்பைக் காணோம், ஒரு தாத்தா வலை வீசினார், மரத்துக்குள் தண்ணீர் இருக்கிறது, தண்ணீருக்குள் மரம் இருக்கிறது என்று உளறிக்கொண்டே இருந்தான். மகளோ விழுகிற தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இங்கன என்ன பாக்க? வார வழியில கெடந்துச்சே, அதுல்லா தண்ணி” என்றார் அவர். “ஒனக்கு எது பிடிச்சுது?”

“எல்லாம்.”

“எல்லாம்னா?”

அவள் கடலைத் தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“எருமயப் பாத்தியா?” என்று கேட்டேன்.

தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு அவளாகச் சொன்னாள். “முள்ளு நாப்பதுலதாம்ப்பா நின்னுச்சு. பாலத்துக்கிட்ட மட்டும் இருவதுக்கு வந்துச்சு.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னது பைக் மீட்டரின் முள்ளை. எங்கள் பைக்கில் எது ஓடாவிட்டாலும் மீட்டர் ஓடும். அவள் வழி முழுக்கத் தலையைக் கவிழ்த்து, நாடியை நெஞ்சில் பதித்துக்கொண்டு, அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். பின்னால் இருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் உச்சி மட்டும்தான்.

“எப்பயிருந்து தாயி இப்படி வார?” அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

“நீங்க மறைக்குதுன்னு சொன்னதுலருந்து.”

“கழுத்து வலிக்காதா?”

“வலிக்கும்.” பிறகு, இது தெரியாதா என்பது போல அவரைப் பார்த்தாள். “நிமிந்தா பின்னால போகணும்லாப்பா.”

அவர் கையில் உரித்து வைத்திருந்த கடலையைத் திரும்பவும் பொட்டலத்திலேயே போட்டுவிட்டார். எனக்கு அந்த டீச்சர் ஞாபகம் வந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. ஓர் இடத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்காக அந்த இடத்தில் இருந்த எல்லாவற்றையும் விட்டிருக்கிறாள் பாவி மகள். “கெளம்புவோம்” என்று அவர் எழுந்தார்.

பைக்கை ஸ்டார்ட் பண்ணி, அவளைத் தூக்கி டேங்க்மேல் வைத்தார். “நிமிந்து உக்காரு” என்றார்.

“ஒங்களுக்கு ரோடு தெரியாதே.”

“தெரியாதுதான். நீ பாத்துச் சொல்லு, நான் ஓட்டுதேன்.”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு மனிதர் வண்டி ஓட்டுவதாம். “அப்பனும் மகளும் கண்மாய்க்குள்ளேயே ஓட்டுங்க. நானும் எம்புள்ளையும் நடந்து வாரோம்” என்று மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நடக்குற வேகந்தான் போவேன். காலு ரெண்டும் தரையிலதான் இருக்கு” என்றார். அப்படியேதான் போனார், இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றி ஊன்றி. நான் பின்னாலேயே நடந்தேன்.

காற்றும் இல்லை, வேகமும் இல்லை. கல்யாணமான இத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் முன்னால் நடக்கிற பேச்சு எனக்குக் கேட்டது.

“பள்ளம் வருதுப்பா.”

“எந்தப் பக்கம்?”

“சோத்தாங்கைப் பக்கம். ஆங், தாண்டிட்டு. ஆடு நிக்குது. ரெண்டு. இல்ல, குட்டியோட மூணு.”

“ஹாரன் அடி.”

“வேண்டாம்ப்பா, தண்ணி குடிக்குது.”

அவர் வண்டியை நிறுத்தினார். ஆடு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் எல்லாரும் நின்றோம்.

“வேற?” என்றார்.

“அங்கன கொக்கு. ஒண்ணு மட்டும் ஒத்தக்கால்ல நிக்குது.”

“வேற?”

“எரும. எருமைக்கு ஒடம்பே இல்ல.”

“நான் சொன்னேன்ல” என்று என் இடுப்பிலிருந்து மகன் கத்தினான்.

இதற்காகவா இத்தனை நாள் பொறாமைப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ரகசியம் ஒன்றும் இல்லை. அவள் கண்ணில் பட்டதைச் சொல்வாள், அவர் ‘வேற’ என்பார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ரோடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, சேற்றில் இறங்கி எங்களைத் தாண்டிப்போனது. டிரைவர் எட்டிப் பார்த்து எங்கள் பரம்பரையையே விசாரித்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு ‘ம்’கூடச் சொல்லவில்லை.

மெயின் ரோட்டு முக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார். அங்கே லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இந்த விளையாட்டு அதில் செல்லாது என்று எல்லாருக்கும் தெரியும். யார் அதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் ஹேண்டிலைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகன் மூக்கைத் துடைத்தேன்.

அவள் யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினாள். துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, திரும்ப டேங்க்மேல் போட்டு நீவிவிட்டாள். “ஏலே, வா” என்று தம்பியைக் கூப்பிட்டாள். என் இடுப்பிலிருந்து அவனை வாங்கித் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர்தான் ஒரு கையால் தூக்கி வைத்தார். அவன் உட்கார்ந்த உடனே, யாரும் கேட்காமலேயே, நாடியை நெஞ்சில் வைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“என்னலே செய்யுத?” என்றார் அவர்.

“அக்கா இப்பிடித்தான் உக்காருவா.”

அவள் அவன் நெற்றியில் கையை வைத்து, தலையை மெதுவாக நிமிர்த்திவிட்டாள்.

“நீ குனிய வேண்டாம்லே” என்றாள். “நீ இன்னும் வளரல.”

சொல்லிவிட்டுப் பின்னால் வந்து, அவருக்கும் என் இடத்துக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.