படகு மோட்டாருக்கு ஊற்றிய பைக் ஆயில்

பட்டினப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அதன் மோட்டாருக்குப் பெட்ரோலில் ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். போன மாதம் ஒரு விடியற்காலையில் பார்த்தால் அந்த ஆயில் தீர்ந்திருந்தது. கடையும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தன் பைக்குக்கு வாங்கி வைத்திருந்த ஆயிலை எடுத்தார்.

"அது வேற ஆயிலாச்சே" என்றேன்.

"இது அத்தவிட வெல ஜாஸ்தி. நல்லாத்தான் ஓடும்" என்று சொல்லி, அதைக் கலந்துகொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. நான் வெறும் மீன் கூடையோடு கரையில் நின்றிருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் படகு, எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. நடுக்கடலில் மோட்டார் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டதாம்.

மெக்கானிக் கழற்றிக் காட்டிய பிளக்கில் கரி அப்பியிருந்தது.

"யக்கா, பைக் ஆயிலு இன்ஜினுக்குள்ளயே தங்கணும். இதுல ஊத்துற ஆயிலு பெட்ரோலோட சேந்து எரியணும். இது சரியா எரியாம கரியாயிக்கீது. நல்லவேள, பிஸ்டன் தப்பிச்சிச்சு" என்றார்.



இப்போது படகு ஆயில் டப்பா ஒன்றை எப்போதும் கூடுதலாக வாங்கி வைக்கிறேன். பைக் ஆயில் என் பீரோவில் இருக்கிறது. எந்த வண்டிக்கு என்று சொன்னால்தான் சாவி கொடுப்பேன்.