சூடம் அணைக்கச் சொன்னேன்

வக்கீல் நோட்டீஸ் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பூஜைக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இங்கிலீஷில் நாலு பக்கம். நான் படித்தது எட்டாவது. என் பெயரையும் நான் முன்பு வேலை பார்த்த மில்லின் பெயரையும் மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மிச்சத் திரியைத் திரித்து முடித்தேன். பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

அந்த நூல் மில்லில் பல வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். வேலையை விட்டு நின்ற பிறகு ஒருநாள், முதலாளி கோயிலில் அன்னதானம் போடுகிற போட்டோவை பேஸ்புக்கில் பார்த்தேன். என்னமோ பொறுக்கவில்லை. என் பக்கத்தில் எழுதினேன். மூடி இல்லாத மிஷினில் மாட்டி ஒரு பெண்ணுக்கு ரெண்டு விரல் போனது. வீட்டுக் கிரைண்டரில் மாட்டியதாகச் சொல்லி மறைத்துவிட்டார்கள். இப்படி நடக்கவில்லை என்றால் முதலாளி எங்கள் ஊர் காளியம்மன் முன்னால் வந்து சூடம் அணைக்கட்டும். இவ்வளவுதான் எழுதியது. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து சத்தியம் பண்ணுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பொய் சொல்கிறவன் கை அதற்கு நீளாது என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நானும் என் மனைவியும் பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை போனோம். அங்கே ஒரு மாடியில் வக்கீல் அம்மா ஒருவர். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னண்ணே, முதலாளிய நெருப்பு வச்சுக் கொளுத்திருவேன்னு மெரட்டுனீகளாமே?”

“நானா?”

“சூடம் அணைக்க வரச்சொல்லி எழுதியிருக்கீகள்ல. இங்கிலீஷ்ல மாத்துனவன் நெருப்பக் காட்டி மெரட்டுனதா மாத்திட்டான்.”

“இந்த மனுசனா?” என்றாள் மனைவி. “அடுப்பப் பத்தவைக்கவே நாலு தீக்குச்சி கேப்பாரு தாயி.”

வக்கீல் அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அத விடுங்க, பதில் எழுதிக்கிருவோம். விரல் சமாச்சாரம் நெசமா?”

“காளியாத்தா மேல சத்தியம்.”

“ஆத்தாவக் கோர்ட்டுக்குக் கூட்டியார முடியாதுல்ல. நெசம்னா நிரூபிக்கணும். நாலு பேரு நன்மைக்குத்தேன் எழுதுனேன்னும் காட்டணும். ஆஸ்பத்திரி சீட்டுல என்ன போட்டிருக்கு?”

“கிரைண்டர்னு போட்டிருக்கும்.”

“அப்படிச் சொன்னது யாரு?”

ஜன்னலுக்குக் கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“நான்தேன்,” என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது நான். போகிற வழியிலேயே மேனேஜர் போனில் சொல்லிவிட்டார், மில்லுப் பேர் வரக்கூடாது என்று. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் எப்படி ஆனது என்று கேட்டார். அந்தப் பெண் அரை மயக்கத்தில் பக்கத்திலேயே கிடந்தாள். கிரைண்டர் என்று சொன்னேன்.

“அந்தப் பொண்ணு வந்து சாட்சி சொல்லுமா?” என்று வக்கீல் அம்மா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைப் பார்க்க எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் பருப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இடது கை சேலைத் தலைப்புக்குள் போனது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“அன்னைக்குக் கிரைண்டர்னு சொன்னப்பயும் என்னையக் கேக்கலண்ணே. இப்பப் போன்ல எழுதுறப்பயும் கேக்கல. நான் இன்னமும் அங்கதேன் வேலைக்குப் போறேன். யாரு எழுதச் சொன்னதுன்னு ஆபீஸ்ல கூப்புட்டுக் கேட்டாக. அழிச்சுருங்க.”

பிறகு வலது கையால் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதே அழித்துவிட்டேன். நிச்சயமாக நீக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். அவ்வளவு லேசாகப் போய்விட்டது.

மில் தரப்புக்கு அது போதவில்லை. நான் எழுதியது அத்தனையும் பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் என்றார்கள்.

“கேஸு நடந்தா வாய்தா வாய்தான்னு அலையணும்ணே,” என்றார் வக்கீல் அம்மா. “சாட்சியும் இல்ல. ஆஸ்பத்திரி சீட்டும் நீங்க சொன்னபடிதேன் இருக்கு.”

“அலையுறேன் மேடம். அந்த விரல ஒரு தடவ பொய்யாக்கிட்டேன். திரும்ப ஆக்க மாட்டேன்.”

அவர் போனில் பேசிப் பேசிப் பார்த்தார். ரெண்டு வாரம் கழித்துத் தமிழில் எழுதிய ஒரு தாளை நீட்டினார். பொய் என்ற சொல் அதில் இல்லை. ‘ஆதாரம் இல்லாமல் எழுதினேன், வருந்துகிறேன்’ என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். எழுத்துக்கு எழுத்து உண்மைதான். ஆதாரம் சேலைத் தலைப்புக்குள் இருக்கிறது. அதை எடுத்துக் காட்ட எனக்கு உரிமை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் காளியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி சூடத்தட்டை எங்களிடம் கொண்டுவந்தார். மனைவி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதலாளியைத்தான் அணைக்கச் சொன்னேன். அந்தச் சூடத்துக்கு முன்னால் முதலில், கிரைண்டர் என்று சொன்ன என்னை நிறுத்தியிருந்தால்?

“இந்தாங்க, தட்டு நிக்குதுல்ல,” என்றாள் மனைவி.

அணைக்க இல்லை, ஒற்றிக்கொள்ளத்தான் கையை நீட்டினேன். சூடு தெரியவில்லை.