புகையே வராத கரி

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். இரண்டு தடவையும் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். முடிச்சூரில் இருக்கிறேன். போன ஐப்பசி மழையில் என் மகளை என் கையாலேயே சாகக் கொடுக்க இருந்தேன். இன்றுவரை அந்த அதிர்ச்சி என்னை விட்டுப் போகவில்லை.

என் கணவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். வீட்டுக்குப் பின்னால் பதினோரு செம்மறி ஆடுகள். அது என் வேலை. கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவர், மேலே சிமென்ட் ஷீட், முன்பக்கம் மட்டும் திறப்பு. சுற்றிலும் இப்போது மாடி வீடுகள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை பேங்க் சார் என்போம். ஆட்டு நாற்றம் தாங்கவில்லை என்று அவர் நகராட்சியில் மனு கொடுத்ததிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "ஆண்டவரே, இந்த மனுஷனை இங்கிருந்து கிளப்பிவிடும்" என்றுகூட நான் ஜெபித்திருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த வாரம் நாலு நாள் மழை விடவே இல்லை. அதே நாலு நாளில் மூன்று ஆடுகள் குட்டி போட்டன. சாரல் உள்ளே அடித்து, பிறந்த ஈரம் காயாமலே இரண்டு குட்டிகள் விறைத்துச் செத்தன. மூன்று குட்டிகள் மிச்சம். புதன்கிழமை காலை இன்னொரு ஆட்டுக்கு வலி வந்துவிட்டது. எனக்கு வெறியே வந்துவிட்டது. இனி ஒன்றையும் சாகவிட மாட்டேன் என்று முன்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். கீழே செங்கல் வைத்தேன். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துகளில் எல்லாம் கோணியைத் திணித்தேன். வீட்டில் ஒரு சின்ன கரி அடுப்பு இருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டுப் பற்றவைத்து, நன்றாகக் கனிந்ததும் கொட்டகை நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.

புகையே இல்லை. அதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கேளுங்கள், அதற்குத்தான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

மழைக்காகக் கல்லூரி லீவு. மகள் ஜாஸ்மினைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"உள்ள வந்து உக்காரும்மா. குட்டி வெளிய வந்தா துடைக்க ஒரு ஆள் வேணும்."

"சூப்பரா கீதும்மா, ஏசி ரூமுக்கு ஹீட்டர் வெச்ச மாதிரி" என்று சிரித்துக்கொண்டே வந்து, தீவனமூட்டையில் சாய்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகை கதகதவென்று ஆனது. கத்திக்கொண்டே இருந்த குட்டிகள் அடங்கின. சூடு பட்டதும் தூங்குகின்றன என்று நினைத்தேன். எனக்குத் தலை வலித்தது. நாலு நாள் தூக்கம் கெட்டதால் என்று நினைத்தேன். ஜாஸ்மின், "அம்மா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். காலையில் எதுவும் சாப்பிடாததால் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

மதியம் காற்று பெரிதாக அடிக்க ஆரம்பித்தது. தார்ப்பாய் படபடவென்று தூக்கித் தூக்கி அடித்தது. நான் முழங்கால் போட்டு ஜெபித்தேன். "இயேசப்பா, இந்த ஆடு குட்டி போடுற வரைக்கும் இந்தப் பாயை மட்டும் பிடிச்சு நிறுத்தும். வேற ஒண்ணும் கேக்கல."

ஆமென் சொல்லி முடிக்கவில்லை. செங்கல் உருண்டது, கயிறு அறுந்தது. தார்ப்பாய் அப்படியே பிய்த்துக்கொண்டு சுவரைத் தாண்டிப் பறந்து போய்விட்டது. மழையும் காற்றும் நேராக உள்ளே வந்தன. எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "இதைக்கூடச் செய்ய மாட்டியா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

எழப் பார்த்தேன். எழ முடியவில்லை. கால் இரண்டும் துணி மாதிரி மடிந்தன. தவழ்ந்து போய் ஜாஸ்மினின் தோளைப் பிடித்து உலுக்கினேன். மழை முகத்தில் அடித்தும் அவள் அசையவில்லை. போன் மடியில் கிடந்தது. முகம் சிவப்பாக, நல்ல தூக்கத்தில் இருப்பவள் மாதிரிதான் இருந்தாள். கையை விட்டதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. திரும்பிக் குட்டிகளைப் பார்த்தேன். மூன்றும் தூங்கவில்லை. செத்துக் கிடந்தன.

கத்த நினைத்தேன். சத்தம் வரவில்லை. "இயேசப்பா" என்ற ஒரு வார்த்தைதான் உள்ளே ஓடியது.

அப்போது பின்பக்கத்துக் கேட்டை யாரோ படாரென்று திறந்தார்கள். பேங்க் சார். பறந்துபோன தார்ப்பாய் அவருடைய கார்மேல் போய் விழுந்திருக்கிறது. சண்டை போடத்தான் குடையோடு வந்திருக்கிறார்.

"என்னம்மா இது, உங்க தார்ப்பாய் வந்து என் கார்..." என்று ஆரம்பித்தவர், அடுப்பைப் பார்த்தார், ஜாஸ்மினைப் பார்த்தார். குடையை வீசினார். "ஐயோ! மூடி வெச்சுக் கரி போட்டீங்களா? வெளிய வாங்க! முதல்ல வெளிய வாங்க!"

அறுபது வயதைத் தாண்டியவர். என் மகளை அக்குளில் கை கொடுத்து மழைக்குள் இழுத்துப் போட்டார். திரும்பி வந்து என்னையும் இழுத்தார். 108-க்குப் போன் செய்தார். வண்டி வரும்வரை ஜாஸ்மினின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சு இருக்கும்மா, மூச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் எனக்குத் தெளிந்தது. அவளுக்குத் தெளியவில்லை. டாக்டர் அம்மா என்னிடம் வந்து சொன்னார்: "கரி எரியும்போது ஒரு விஷ வாயு வரும்மா. அதுக்கு வாசனை கிடையாது, புகை கிடையாது. இன்னும் அரை மணி நேரம் உள்ள இருந்திருந்தா ரெண்டு பேரும் இல்ல. அந்தப் பாயை யாரு தொறந்தா?"

"காத்துதான் டாக்டர்" என்றேன். யாரை நான் திட்டினேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஜாஸ்மின் கண் திறந்தாள். ஓடினேன். என்னைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றாள்.

அந்தக் கேள்வி எந்தத் தாயின் காதிலும் விழக் கூடாது. என் கணவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூளைக்குக் காற்று போகாமல் இருந்ததால் இப்படி ஆகலாம், சரியாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் கை கோத்து உட்கார்ந்தோம். இந்த முறை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஆண்டவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "உமக்குத் தெரியும் அப்பா. என் பிள்ளையைத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். வேறு ஜெபம் என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்தவள் நிறுத்தி, என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா. அந்த ஆடு குட்டி போட்டுச்சா?"

கிண்ணம் கைதவறிக் கீழே விழுந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க நான் கதறிவிட்டேன்.

போட்டிருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் புதன்கிழமை சாயங்காலமே, தார்ப்பாய் இல்லாத கொட்டகையில், சாரலில் போட்டிருந்தது. பேங்க் சாரும் அவர் மனைவியும் குட்டியைப் பழைய துண்டால் துடைத்து, தங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வேளாவேளைக்குத் தூக்கிக்கொண்டு வந்து தாயிடம் பால் குடிக்க விட்டார்கள். ஆட்டு நாற்றம் தாங்காதவர் அவர். நான் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்கம்மா, நான் சண்டைக்குத்தானே வந்தேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நம் ஆண்டவரை அவர் கும்பிடுகிறவர் இல்லை. ஆனால் என் ஜெபத்துக்கு விடையாக அந்தக் கேட்டைத் திறந்தவர் அவர்தான்.

ஜாஸ்மின் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எப்போதாவது ஒரு பெயர் மறந்துபோகும்; கேட்டுக்கொள்கிறாள். நான்தான் மாறிப்போனேன். யாரையும் கிளப்பிவிடச் சொல்லி இப்போதெல்லாம் நான் ஜெபிப்பதில்லை.

பிரியமானவர்களே, மழையிலோ பனியிலோ மூடிய அறைக்குள் கரி வைக்காதீர்கள். மனுஷனுக்கும் வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம். இதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். இன்னொன்று. நீங்கள் கண்ணீரோடு கேட்ட ஒன்றுக்கு, உங்கள் கண் முன்னாலேயே ஆண்டவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கோபம் வரும். எனக்கும் வந்தது. கோபத்தோடேயாவது அவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாயைப் பிய்த்து எறிந்த கைதான் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கைக்கு நன்றி.